மேசை விளிம்பில் இரண்டு பள்ளங்கள்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், சன்னலை ஒட்டிய மூலைக்குச் சற்று இப்பால், விளிம்பில் இரண்டு சிறிய பள்ளங்கள் உண்டு. கண்ணுக்கு எளிதில் தெரியாதவை. விரலை ஓட்டினால் தட்டுப்படும். குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தால் அவற்றுக்கு நேர் கீழே காசளவில் ஒரு வட்டத் தழும்பும் இருக்கும். நான் நாளிதழ் படிப்பது அந்த மூலையில்தான். படித்துக்கொண்டிருக்கும்போதே இடது கை தானாக அங்கே போய்ப் பள்ளங்களைத் தடவிவிட்டுத் திரும்புகிறது. கறி அரைக்கும் கையியந்திரத்தை என் மனைவி பொருத்திய இடம் அது. முதல் தடவை துணி எதுவும் வைக்காமல் இரும்பை நேரே மரத்தின் மேல் வைத்து முடுக்கிவிட்டாள். தேக்கு மேசை, அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. நான் தடத்தைச் சுட்டிக்காட்டியபோது அவள் சிறிதும் வருந்தவில்லை. “விழுந்தது விழுந்துடுச்சு. இனிமே மிஷினுக்கு எடம் தேட வேணாம் பாருங்க” என்றாள். அதன் பிறகு பழைய வேட்டித் துண்டை நான்காக மடித்து வைத்துத்தான் முடுக்கினாள் என்றாலும், இடத்தை மாற்றவே இல்லை.

அரைத்த கறியைக் குடலுக்குள் அடைத்து வறுக்கும் சாசேஜை வீட்டில் செய்வது எங்கள் குடும்பத்துக்கோ எங்கள் பக்கத்து ஊர்களுக்கோ உரிய வழக்கம் அன்று. குடவாசலுக்கு அருகே நெல் விளைவிக்கும் குடும்பத்தில் பிறந்தவள் அவள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியும், வாய்க்கால் வற்றும் காலத்தில் சேற்றில் பிடிபடும் விராலும்தான் அவள் அறிந்த அசைவம். ஜெர்மனியில் வேலை பார்க்கும் எங்கள் மகனுக்குக் குழந்தை பிறந்தபோது நாங்கள் இருவரும் சென்று ஒரு குளிர்காலம் முழுவதும் அங்கே தங்கினோம். போன புதிதில் வெளியார் சமைத்த எதையும் அவள் தொடவில்லை. ஒரு நாள் பக்கத்து வீட்டு மூதாட்டி ஒரு தட்டை ஏந்திக்கொண்டு வந்து நின்றார். தட்டில் விரல் நீளத்தில் பழுப்பாக வறுபட்ட துண்டங்கள். “இது என்ன கறிங்க?” என்று என் மனைவி தமிழில்தான் கேட்டாள். அந்த அம்மாள் தம் மொழியில் நீளமாகப் பதில் சொன்னார். இவள் முகத்தில் ஐயம் தெளியாததைக் கண்டு, தட்டைக் கீழே வைத்துவிட்டு, இரு கைகளையும் தலைமேல் வைத்துக் கொம்பு காட்டி ஆடு போலக் கத்தினார். இருவரும் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தது எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. அன்று தொடங்கிப் பனி உருகும் வரை அவள் வாரந்தோறும் அந்த வீட்டுச் சமையலறைக்குப் போய்வந்தாள். பொதுவான சொல் ஒன்றுகூட இல்லாமல் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்டதற்கு, கறி வேலைக்குப் பேச்சு எதற்கு என்றாள்.

திரும்பும்போது பெட்டியில் எடை மிகுந்துவிட்டது. இரண்டு பட்டுப் புடவைகளை மருமகளிடம் விட்டுவிட்டு, அந்த இடத்தில் கையால் சுற்றும் இரும்பு அரைவை இயந்திரத்தையும் அதன் முனையில் மாட்டும் நீண்ட மூக்குக் குழாயையும் வைத்துக் கட்டினாள். திருச்சி விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி அதை எடுத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். “கறி அரைக்கிற மிஷினுங்க. உள்ள கறி இல்ல, வெறும் மிஷின்தான்” என்று அவள் சொன்னதும் அவர் அதைப் பக்குவமாக மீண்டும் உள்ளே வைத்தார். கல்லூரியில் தத்துவம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். என் வாழ்க்கையில் அத்தனை குறைந்த சொற்களில் எதையும் நிறுவியதில்லை.

தஞ்சாவூரில், புது ஆற்றுக்கு அருகிலிருக்கும் எங்கள் வீட்டில், முதல் முயற்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. கறிக்கடைக்காரரிடம் குடலைக் கீறாமல் முழு நீளமாகத் தரச் சொன்னாள். அவர் கத்தியை நிறுத்திவிட்டு, “வீணைக்கு நரம்பு கட்டப் போறீங்களாம்மா?” என்றார். இவளும் விடவில்லை. “ஆமா, வாசிக்கிறப்போ சொல்லி அனுப்புறேன், வந்து கேளுங்க” என்றாள். அன்று அவளுடைய தங்கையும் ஊரிலிருந்து வந்திருந்தாள். அந்தத் தங்கையைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். முகமோ நிறமோ உயரமோ எதிலும் அக்காவைப் போன்றவள் அல்லள். குரல் மட்டும் ஒன்றே. தொலைபேசியில் எங்கள் மகனே பலமுறை ஏமாந்திருக்கிறான். அடுத்த அறையில் இருவரும் பேசிக்கொண்டிருந்தால் ஒருத்தி தனக்குத்தானே பேசிக்கொள்வது போலிருக்கும். என்னைக் கூப்பிடும் சொல்லைக் கொண்டுதான் நான் அவர்களைப் பிரித்தறிவேன். “என்னங்க” என்றால் மனைவி, “அத்தான்” என்றால் தங்கை.

அக்காவும் தங்கையும் சேர்ந்து குடலைக் கழுவினார்கள். தங்கள் தாய் வீட்டில் குடல் குழம்புக்குக் கழுவுகிற அதே விதமாக, கொதிக்கும் நீரில் மஞ்சள் தூளைக் கரைத்து அதில் குடலை முக்கி எடுத்தார்கள். அந்த நீர் பட்டதும் அது சுருண்டு, ரப்பர் போல் இறுகி, மூக்குக் குழாயில் ஏற மறுத்தது. இழுத்து ஏற்றினால் கிழிந்தது. கிழிந்த இடங்கள் தோறும் அரைத்த கறி பிதுங்கி மேசையில் விழுந்தது. பக்கத்து வீட்டு மூதாட்டி பச்சைத் தண்ணீரை மட்டுமே பயன்படுத்தினார் என்பது என் மனைவிக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த ஊரில் குழாயைத் திறந்தாலே பனிக்கட்டி போல் வரும் நீரைக் கண்டு, வெந்நீர் வைக்க அவருக்குச் சோம்பல் என்று எண்ணியிருந்தாளாம். தங்கை தரையில் உட்கார்ந்து சிரித்தாள். “ஆட்டுக் குடலுக்குள்ளேயே ஆட்டத் திருப்பி அடைக்கப் பாக்குறியேக்கா. அது ஒரு தடவ செத்தது போதாதா?” என்று கேட்டாள். அன்று மதியம் நாங்கள் சாப்பிட்டது குடல் குழம்பு. நன்றாகவே இருந்தது. ஆனால் அந்த வெறுப்பிலோ வேடிக்கையிலோ, அதன் பிறகு எத்தனை முறை செய்தபோதும், சாசேஜை வாயில் வைக்கமாட்டேன் என்று தங்கை உறுதியாக இருந்துவிட்டாள்.

என் மனைவி விடாமல் கற்றுக்கொண்டாள். குடலை உள்வெளியாகத் திருப்பி, கத்தியின் முதுகால் சளிப்படலத்தைச் சுரண்டி, கண்ணாடி போல் மெல்லியதாகும் வரை பச்சைத் தண்ணீரில் அலசுவாள். மிஞ்சியதைக் கல்லுப்பில் புதைத்து ஒரு கண்ணாடிச் சாடியில் போட்டுக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் அது ஓராண்டானாலும் கெடாது. எங்கள் ஊர் வெக்கையில் கறியிலிருக்கும் கொழுப்பு அரைக்கும்போதே உருகி, பிறகு சாசேஜ் வேகும்போது உள்ளே மாவு மாவாக உதிர்ந்துவிடும் என்று கண்டுகொண்டதும், சித்திரை, வைகாசியில் அந்த வேலையையே நிறுத்திவைத்தாள். மழைக்காலத்துக் காலைகளில்தான் செய்வாள். கறி, கொழுப்பு, பாத்திரம் மட்டுமல்லாமல் இயந்திரமும் முதல் நாளே குளிர்ப்பெட்டிக்குள் போய்விடும். இஞ்சியும் பூண்டும் மிளகும் சோம்பும் இடித்துச் சேர்த்து, பனிக்கட்டி நீரைத் தெளித்துப் பிசைவாள். உள்ளங்கையில் ஒட்டிய கலவை, கையைக் கவிழ்த்தாலும் கீழே விழக்கூடாது; அதுதான் பதம். அடைக்கும்போது எங்காவது காற்றுக் குமிழி தென்பட்டால், தாலிக் கொடியில் தொங்கும் ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி அதன் முனையால் குத்தி வெளியேற்றுவாள். நான் அவளுக்கு ஒரு நல்ல ஊசி வாங்கித் தந்தேன். அது இன்றுவரை உறையிலேயே இருக்கிறது.

இந்த வேலையில் என் பங்கு ஒன்றே ஒன்று. அடைப்பதற்கு முன், பிசைந்த கலவையில் நெல்லிக்காயளவு கிள்ளி, தட்டையாகத் தட்டி, தோசைக்கல்லில் இருபுறமும் வாட்டி எடுப்பாள். அதை உள்ளங்கையில் வைத்து இரண்டு தரம் ஊதிவிட்டு என்னிடம் நீட்டுவாள். “உப்புப் பாருங்க.” அவளே பார்த்தால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். “கலந்தவளுக்கு வாசனையிலேயே வாய் மரத்துப்போயிருக்கும். கலக்காதவங்கதான் சொல்லணும்” என்றாள். உப்புக்கு அவள் அளவு ஒரு பிடி. விரல்கள் முழுதாக மூடும் பிடி. என் தீர்ப்புகளும் சுருக்கமானவை. “தூக்கல்” என்றால் இன்னும் கொஞ்சம் கறியைச் சேர்ப்பாள். “சரியா இருக்கு” என்றால், “சரி, அடைச்சிடலாம்” என்று சொல்லிவிட்டு இயந்திரத்தின் பக்கம் திரும்புவாள். எத்தனையோ மாணவர்களுக்கு முன்னால் எத்தனையோ கருத்துகளைச் சொல்லியிருக்கிறேன். நான் சொன்னதை உடனே நம்பி, அதன்மேல் கையை வைத்து ஒருவர் காரியத்தில் இறங்கியது அந்த மேசையில் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

அவள் போனது ஐப்பசியில். அந்த வாரம் விடாத மழை. குடலைச் சுரண்டி, அலசி, உப்பிலிட்டுச் சாடியை மூடி வைத்திருந்தாள். மழை விட்டதும் கறி வாங்கி வரச் சொல்லியிருந்தாள். காலையில் நெஞ்சு அடைப்பது போலிருக்கிறது என்றாள். மருத்துவமனையின் வாசலைத் தாண்டியபோது அவளிடமிருந்து பதில் இல்லை. இதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத என்னால் இயலாது. சாடி குளிர்ப்பெட்டியின் கதவுத் தட்டிலேயே நின்றது. ஊறுகாய்க்குப் பக்கத்தில், கண்ணாடியின் உட்புறம் உப்புப் பூத்து, வெண்மையாக ஏதோ ஒன்று சுருண்டு கிடக்கும் சாடி. வேலைக்கு வரும் பெண் இரண்டொரு முறை அதைக் கொட்டிக் கழுவிவிடலாமா என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன். பால் எடுக்கத் திறக்கும் ஒவ்வொரு காலையிலும், அவள் பாதியில் விட்டுச் சென்ற வேலை அந்த மங்கிய விளக்கொளியில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆண்டு நிறைவு வந்தது. மகனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. புரோகிதர் வந்து செய்யவேண்டிய திதி முதல் நாளே முடிந்தது. மறுநாள் எங்கள் வழக்கப்படி கறிப் படையல். இறந்தவருக்குப் பிடித்ததை இலையில் வைக்க வேண்டும். சமைக்க வந்திருந்த தங்கை விரால் குழம்பையும் முட்டையையும் சொன்னாள். எல்லாம் சரி, சாசேஜும் வைக்க வேண்டும், அதை நானே செய்கிறேன் என்றேன். அவள் சம்மதித்தாள். தங்கை ஊரிலிருந்து வந்த நாள் முதல் நான் அவள் இருக்கும் அறைக்கு அடுத்த அறையில் உட்காருவதைத் தவிர்த்துக்கொண்டிருந்தேன். பாத்திரங்களோடும் வேலைக்காரப் பெண்ணோடும் தொலைபேசியோடும் அந்தக் குரல் பேசிக்கொண்டே இருந்தது. ஓராண்டாக அது அந்தச் சமையலறையில் இல்லை.

காலையில் சாடியைத் திறந்து, உள்ளே இருந்ததை உப்புப் போக ஒரு பாத்திரத்துப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். அதுவரை அவள் கைபட்ட ஒன்று இந்த வீட்டில் வேலைக்குக் காத்திருந்தது. இன்றைக்கு அது அவளுடைய இலைக்கே போகும் என்ற எண்ணம் எனக்கு ஒரு பிடிமானமாக இருந்தது. இயந்திரத்தைப் பரணிலிருந்து இறக்க மட்டும் மனம் வரவில்லை. கறியைக் கடையிலேயே கொத்தி வாங்கிக்கொள்ளலாம், அடைப்பதற்கு மூக்குக் குழாய் போதும் என்று புறப்பட்டேன். திரும்பி வந்தபோது சமையலறையில் மஞ்சளும் ஆவியும் கலந்த மணம் எழுந்தது. அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீரை அந்தப் பாத்திரத்தில் ஊற்றி, மஞ்சள் தூவி, கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தாள் தங்கை. உள்ளே, மஞ்சள் நீரில், நூல் போலச் சுருங்கிய ஏதோ சில சுழிகள்.

“வெந்நி காட்டாத குடலப் படையல்ல வைக்கலாமா அத்தான்? அதான்…” என்று தொடங்கியவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். பிறகு பாத்திரத்தைப் பார்த்தாள். என்றோ ஒரு ஞாயிற்றுக்கிழமை தரையில் உட்கார்ந்து தான் சிரித்தது அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். அந்தச் சாடி எப்போது நிரப்பப்பட்டது என்று நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை; கடையில் வாங்கியது என்றே எண்ணியிருந்தாள். “இது அக்கா கழுவி வச்சதா?” என்று மிக மெல்லக் கேட்டாள். ஆம் என்றேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பரவாயில்லை என்று சொன்னேன். பிறகு அந்தச் சுழிகளை வடித்தெடுத்துக் கொல்லையில் வாழை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தேன்.

கொத்திய கறி மேசையில் இருந்தது. அடைப்பதற்குக் குடல் இல்லை. ஆனாலும் பிசைந்தேன். இஞ்சி, பூண்டு, மிளகு, சோம்பு. உப்பு ஒரு பிடி. கையைக் கவிழ்த்தேன், விழவில்லை. நெல்லிக்காயளவு கிள்ளித் தட்டித் தோசைக்கல்லில் வாட்டினேன். அதை எடுத்து ஊதி, வாயருகே கொண்டுபோனபோது தங்கை பதறித் தடுத்தாள். “படையலுக்கு முன்னாடி உப்புப் பாக்கக் கூடாது அத்தான், எச்சிலாயிடும்.” அவள் சொன்னது சரி. எங்கள் வீடுகளில் செத்தவர்கள் உண்ட பிறகுதான் இருப்பவர்கள் வாயில் வைக்க வேண்டும். உப்புப் பார்க்காமல் அடைக்கக் கூடாது என்று இருந்தவளுக்கு, உப்பே பார்க்காமல் படைக்க வேண்டும் என்பது முறை. அந்தச் சிறு வட்டம் என் உள்ளங்கையில் சுட்டுக்கொண்டிருந்தது.

“உங்க அக்காவே பாக்கட்டும்” என்றேன்.

தங்கை அதை வாங்கி அப்படியே இலையின் நடுவில் வைத்தாள். மீதிக் கலவையை மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். விரால் குழம்பு, முட்டை, சோறு, வெற்றிலை பாக்கு, ஒரு புதுப் புடவை எல்லாம் வைத்து, விளக்கேற்றிச் சாம்பிராணி போட்டு, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் வெளியே வந்து நின்றோம். வந்தவர் தனிமையில் உண்ண வேண்டும். இருப்பவர் பார்க்கக் கூடாது. மழை தூறிக்கொண்டிருந்தது. கதவின் அடியிலிருந்து புகை கசிந்து தரையோடு தவழ்ந்தது. புகையைக் கண்டு நெருப்பை அனுமானிப்பது எப்படி என்று பல ஆண்டுகள் வகுப்பெடுத்தவன் நான். புகையிலிருந்து நெருப்பு வரைக்கும் போகலாம். அதைத் தாண்டி அந்த அறையில் வேறெவரையும் அனுமானிக்க நான் கற்பித்த தருக்கத்தில் வழி இல்லை. ஆயினும் என் செவி கதவின் மேலேயே இருந்தது. எதற்காகக் காத்திருக்கிறேன் என்பது சற்றுப் பிந்தித்தான் விளங்கியது. தூக்கலா, சரியா என்று உள்ளேயிருந்து ஒரு சொல் வர வேண்டும் என்று நின்றுகொண்டிருந்தேன்.

தங்கை கதவை மெல்லத் தட்டிவிட்டுத் திறந்தாள். எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. கும்பிட்டு எழுந்ததும் அந்த வட்டத்தை எடுத்துப் பிட்டு ஒரு பாதியை வாயில் போட்டேன். எனக்கு உப்புத் தெரியவில்லை. இஞ்சி தெரிந்தது, மிளகு தெரிந்தது. உப்பு இருக்கிறதா, இல்லையா, கூடுதலா என்று நாக்கு எதையும் சொல்லவில்லை. இத்தனை ஆண்டுகள் அந்த வேலை ஒன்றை மட்டும் செய்துவந்த நாக்கு. மற்றப் பாதியைத் தங்கையிடம் நீட்டினேன். “கலந்தவனுக்குத் தெரியலம்மா. நீ உப்புப் பாரு.” அக்கா உயிரோடிருந்தவரை அதை ஒருமுறையும் வாயில் வைக்காதவள், வாங்கித் தின்றாள். மென்று முடிக்க நேரமாயிற்று. “தூக்கல் அத்தான்” என்றாள்.

குனிந்து என் கையைப் பார்த்தேன். அவளுடைய ஒரு பிடி, அவளுடைய கைக்கு. என் கை பெரிது.

மறுநாள் காலையில் தங்கை ஊருக்குப் புறப்படுவதாக இருந்தாள். பிற்பகல் பேருந்தில் போய்க்கொள்கிறேன் என்று தானாகவே இருந்துவிட்டாள். நான் கறிக்கடைக்குச் சென்று, உப்பைச் சரிக்கட்ட இன்னும் கொஞ்சம் கொத்திய கறியும், அதோடு குடலும் வேண்டும் என்றேன். கடைக்காரர் வீணையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “முழுசாத்தானே சார்?” என்றார். வீட்டுக்கு வந்து, கத்தியின் முதுகால் சுரண்டினேன். இரண்டு இடங்களில் கிழித்துவிட்டேன். நல்ல பகுதியைப் பச்சைத் தண்ணீரில் அலசி எடுக்கும்வரை, அடுப்பில் வெந்நீர்ப் பாத்திரம் எதுவும் ஏறாமல் தங்கை காவலிருந்தாள். புதுக் கறியை முந்தைய நாள் கலவையில் சேர்த்துப் பிசைந்து, அவளிடம் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்துவிட்டு, பரணிலிருந்து இயந்திரத்தை இறக்கிக்கொண்டு மேசைக்கு வந்தேன். வேட்டித் துண்டை வைக்கவில்லை. இரும்பின் பற்கள் மரத்தைத் தொட்டதும் வழுக்கிப் பள்ளங்களில் தாமாக இறங்கி நின்றன. அடியில் திருகு தன் தழும்பைத் தேடிப் பொருந்தியது.

சமையலறையில் தோசைக்கல் சீறியது. யாரோ இரண்டு தரம் ஊதும் ஒலி கேட்டது. பிறகு அந்தக் குரல்:

“இப்போ சரியா இருக்கு.”

திருகின் மேல் கையை வைத்தபடி, அதற்குப் பின்னால் வரவேண்டிய அத்தான் என்ற சொல்லுக்காகச் சற்று நேரம் காத்திருந்தேன். அது வரவில்லை.

“சரி, அடைச்சிடலாம்” என்றேன், அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காமல்.